மலைக்கோட்டை ஃபால்ஸ்

என் பள்ளித் தோழன் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தபோது ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தான். எண்பதுகளின் நடுப்பகுதி அது. தென்காசியில் அந்தச் சொல்லைப் பலர் கேள்விப்பட்டிருந்தார்கள். பொருளைப் பார்த்தவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை. பெட்டியில் மடித்து வைத்த கைலிகளுக்கு நடுவிலிருந்து அவன் அதை வெளியே எடுத்தபோது, பார்க்கக் கூடியிருந்த உறவினர்கள் கொஞ்சம் ஏமாந்துபோனார்கள். ஒரு பஞ்சாங்கத்தைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பலகை. மேலே அழிரப்பரில் செய்ததுபோலச் சாம்பல் நிறக் கட்டைகள்.

"கால்குலேட்டர எதுக்கு இம்புட்டுப் பெருசா செஞ்சிருக்கான்?" என்று அவனுடைய பெரியம்மா கேட்டார்.

அவன் சிரித்துவிட்டு அதை மறுபடி பெட்டிக்குள் வைத்தான். அன்று மாலை கடைத்தெருவில் தனியாக நடக்கும்போது என்னிடம் விஷயத்தைச் சொன்னான்.

அவன் வேலை பார்த்தது கட்டுமானச் சாமான்கள் வைக்கும் ஒரு பெரிய கிடங்கில். இரண்டு ஸ்டோர்கீப்பர்கள். ஒருவன் இவன். மற்றவர் செங்கோட்டைக்காரர், இவனைவிடப் பத்து வயது மூத்தவர். இருவருக்கும் ஒரே அறை, ஒரே அடுப்பு. அடுத்த ஆண்டு கிடங்குக்குக் கம்ப்யூட்டர் வருகிறது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வந்தபிறகு ஓர் ஆள் போதும் என்றும் மேனேஜர் சொன்னார். எந்த ஆள் என்று சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பிப் போகிற ஓர் என்ஜினியரிடமிருந்து இவன் இதை வாங்கியிருந்தான். விடுமுறை முடிவதற்குள் பழகிவிட வேண்டும் என்பது திட்டம்.

"ஒம்ம ரூம்காரருக்குத் தெரியுமாவே, நீரு இத வாங்கினது?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அவரும் ஒண்ணு வாங்கிருவாருல்லா."

வீட்டில் பழகுவது முடியாத காரியமாக இருந்தது. விடுமுறையில் வந்தவனைப் பார்க்கக் காலையிலிருந்தே ஆட்கள். தம்பிக்கு விசா, மருமகனுக்கு விசா என்று பாஸ்போர்ட் நகலுடன் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே கருவியையும், கொண்டுவந்திருந்த சிறிய கலர் டிவியையும், டேப்ரிக்கார்டரையும் ஒரு வாடகைக் காரில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கொண்டுபோனான். அங்கே அவன் மனைவியின் தம்பி ஒரு லாட்ஜ் நடத்திக்கொண்டிருந்தான். மாடியில் பின்பக்கம் ஓர் அறை. மலைப் பக்கத்துச் சுவர் ஊறிப்போய் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. சீசன் நெரிசலிலும் அதை யாருக்கும் கொடுக்க முடியாது. கொடுத்தால் காலையில் சண்டைக்கு வருவார்கள்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். சீசன் தொடங்கிவிட்டால் பேப்பருக்குத் தினமும் குற்றாலம் வேண்டும். பேரருவியில் தண்ணீர் எப்படி, ஐந்தருவியில் எத்தனை கிளை விழுகிறது, குளிக்க விடுகிறார்களா, எந்தப் பிரமுகர் வந்தார். காலையில் பஸ் ஏறி அதையெல்லாம் பார்த்துவிட்டு மதியத்துக்குள் எழுதி முடித்துவிடுவேன். செய்திக் கவரை மதுரை பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சாயங்காலம் தென்காசி திரும்பினால் போதும். நடுவில் உள்ள பொழுது சும்மா கிடந்தது. மச்சினனுக்கும் அந்த நேரம்தான் ஓய்வு. லாட்ஜில் இருப்பவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போயிருப்பார்கள், அல்லது குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

கருவியோடு இரண்டு கேசட்டுகள் வந்திருந்தன. ஒன்று பாடம் சொல்லித்தருவது. முதல் நாளே அது டேப்ரிக்கார்டரில் சிக்கி நாடா நாடாவாக வெளியே வந்துவிட்டது. மிஞ்சியது ஒரு யுத்த விளையாட்டு. உறையில் கவசம் அணிந்த ஒரு குதிரைவீரன் படம் இருந்தது.

நண்பன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "படிக்க வந்த இடத்துல வெளையாட்டுதான் மிச்சம்" என்றான்.

"போடுங்க மச்சான். கட்டையத் தட்டிப் பழகுனா போதும்லா" என்றான் மச்சினன்.

கேசட்டைப் போட்டால் காதைக் கிழிக்கும் கீச்சுச் சத்தம் வரும். திரையின் ஓரங்களில் மஞ்சளும் நீலமுமாகக் கோடுகள் ஓடும். வால்யூம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ விளையாட்டு உள்ளே ஏறாது, மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். சரியான இடம் பிடிபட்டதும் மச்சினன் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு வால்யூம் குமிழில் ஒரு கோடு போட்டுவிட்டான்.

அந்த விளையாட்டு ஏதோ ஒரு பழைய காலத்து ஐரோப்பிய ராஜ்யத்தைப் பற்றியது. திரையில் கட்டம் கட்டமாக ஒரு வரைபடம். ஒரு தலைநகரம், அதைச் சுற்றி நான்கு கோட்டைகள். வடகோட்டை, தென்கோட்டை, ஆற்றுக்கோட்டை, மலைக்கோட்டை என்று எங்கள் வசதிக்குச் சொல்லிக்கொண்டோம். திரையில் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். எங்கள் இடங்கள் மஞ்சள் நிறத்தில் இருந்தன. எதிரியின் படையை நகர்த்துவது கருவியே. ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் கழியும். சிப்பாய்களுக்கு எவ்வளவு தானியம், எந்தக் கோட்டைக்கு எத்தனை வண்டி, யாரை எங்கே நகர்த்துவது என்று வரிசையாகக் கேட்கும். எண்களைத் தட்டி முடித்ததும் என்ன நடந்தது என்று ஒற்றை வரிகளில் சொல்லும். படம் எதுவும் நகராது. ஒரு கட்டத்தின் நிறம் மாறும், அவ்வளவுதான்.

நண்பன் கிடங்கில் நடந்துகொள்வதுபோலவே ஆடினான். தலைநகரக் களஞ்சியத்தில் பாதிக்குக் கீழே எப்போதும் இறங்க விடமாட்டான். கோட்டைகளுக்கு அளந்து அளந்து வண்டி அனுப்புவான். சிப்பாய்கள் பசியில் ஓடிப்போனார்கள் என்று திரையில் வரும்போதுகூடக் களஞ்சியத்தில் இருப்பு நிறைந்திருக்கும். மச்சினனின் முறை வேறு. இருக்கிற ஆட்களையெல்லாம் ஒரே கோட்டையில் கொண்டுபோய்க் குவிப்பான். மற்ற மூன்றும் ஆளில்லாமல் கிடக்கும்.

"ஏன்டே, மத்த கோட்டைய யாரு பாப்பா?" என்று நண்பன் கேட்டால், "கூட்டம் எங்கன இருக்கோ அங்கனதான் மச்சான் யாவாரம்" என்பான்.

எனக்கு எல்லையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆர்வம்தான் அதிகம். வேவு பார்க்கச் சிறுசிறு கூட்டமாக ஆட்களை அனுப்புவேன். பெரும்பாலும் அவர்கள் திரும்பி வருவதில்லை. மூவருமே தோற்றோம். நான்தான் சீக்கிரமாகத் தோற்பேன்.

சில நாட்கள் போனபிறகு ஒரு புதிய வரி எங்கள் கண்ணில் பட்டது. முன்பும் வந்திருக்கலாம், கவனித்திருக்கமாட்டோம். மாதம் முடிந்ததும் திரையின் அடியில் வந்தது: ஹில் ஃபோர்ட் ஃபால்ஸ்.

மச்சினன் எழுந்து உட்கார்ந்தான். "மச்சான், மலைக்கோட்டையில ஒரு அருவி இருக்குங்கான்."

இதை இப்போது எழுதும்போது வேடிக்கையாக இருக்கிறது. அப்போது மூவரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. லாட்ஜுக்கு வெளியே கைகாட்டிப் பலகையில் மெயின் ஃபால்ஸ், ஃபைவ் ஃபால்ஸ், ஓல்டு ஃபால்ஸ், டைகர் ஃபால்ஸ் என்று அம்புக்குறியுடன் எழுதியிருந்தது. வருகிற வடநாட்டுக்காரன்கூட "ஃபால்ஸ் கிதர்" என்றுதான் வழி கேட்பான். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறு பொருள் கிடையாது. மலைமேல் ஒரு கோட்டை இருந்தால் பக்கத்தில் அருவி இருப்பது இயல்பானதுதான். போதாக்குறைக்கு, அந்த வரி வந்ததும் மலைக்கோட்டையின் கட்டம் மஞ்சளிலிருந்து வெளிர்நீலமாக மாறியது.

"தண்ணி வந்துட்டு" என்றான் மச்சினன்.

அடுத்த மாதம் நண்பன் அந்தக் கோட்டைக்கு இருநூறு ஆட்களை அனுப்பினான். அனுப்பிய ஆட்கள் காணாமல் போனார்கள் என்று திரை சொன்னது.

"அடிச்சிட்டுப் போயிட்டு. பாத்தியளா? வெள்ளத்துல யாராவது எறங்குவானா? போலீஸ்காரன் கயிறு கட்டிருப்பான்லா, அதத் தாண்டிப் போயிருக்கானுவ" என்றான் மச்சினன்.

"அப்ப என்ன செய்ய?"

"ரெண்டு மாசம் விடுங்க மச்சான். வடியட்டும். அதுவரைக்கும் உள்ள இருக்கவனுக்குத் திங்கக் குடுக்கணும்லா, வண்டிய மட்டும் அனுப்புங்க."

அப்படியே செய்தோம். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுப்பதுபோல மாதாமாதம் மலைக்கோட்டைக்குத் தானிய வண்டிகள் போயின. வண்டிகள் போய்ச் சேர்ந்ததாகவே திரை சொன்னது. இரண்டு மாதம் கழித்து ஆட்களை அனுப்பினால் மறுபடி காணாமல் போனார்கள். மச்சினன் இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னான். அதற்குள் எதிரிப்படை எங்கிருந்தோ முன்பைவிடப் பெருத்து வந்து ஆற்றுக்கோட்டையில் இறங்கியது. அங்கேயும் ஒரு ஃபால்ஸ் வந்தது.

"ஆத்துல எப்படிவே அருவி?" என்று நான் கேட்டேன்.

"மேல மழ பெய்ஞ்சா கீழயும் வரத்தான செய்யும் அண்ணாச்சி" என்றான் மச்சினன்.

ஒரு வாரத்துக்கு மேல் இப்படியே ஆடினோம். தண்ணீரைச் சுற்றி ஓர் உத்தியே உருவாகிவிட்டது. எந்தக் கோட்டை வெளிர்நீலமாகிறதோ அதற்கு வண்டி அனுப்புவது, ஆட்களை அனுப்பாமல் காத்திருப்பது. நண்பன் இதை ஒழுங்காகச் செய்தான். ஆனால் அவன் முகத்தில் சலிப்பு கூடிக்கொண்டே போனது. எண்களைத் தட்டுவது விரல்களுக்குப் பழகிவிட்டது. அதற்குமேல் கருவியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரிந்தபாடில்லை. கூட வந்த ஆங்கிலக் கையேட்டை இரவல் அகராதியுடன் பத்துப் பக்கம்வரை படித்திருந்தான்.

"ரூம்காரரு இப்ப அங்கன என்ன செஞ்சிட்டிருப்பாரோ" என்று ஒருநாள் திடீரென்று சொன்னான். "நாம வெள்ளம் வடியக் காத்துக்கிட்டு இருக்கோம்."

அன்றுதான் அது நடந்தது. வாசலில் விற்க வந்த மங்குஸ்தான் பழங்களை மச்சினன் ஒரு எவர்சில்வர் தட்டில் கொண்டுவந்தான். மேஜையில் இடமில்லை. தட்டைக் கட்டைகளின் கீழ்வரிசை மேலேயே வைத்துவிட்டான். திரையில் வரைபடம் அப்படியே நின்றது. அடியில் புரியாத ஒரு சொல்லும் எண்ணும் வந்தன.

"போச்சு. கெடுத்துட்டியே" என்றான் நண்பன்.

"பழத்த எடுத்தாச்சு மச்சான். சரியாப்போவும்."

சரியாகவில்லை. நண்பன் கையேட்டைப் புரட்டி ஒரு கட்டையை அமுக்கினான். அந்தக் கருவியில் ஒரே கட்டையை அமுக்கினால் முழுச் சொல்லும் வந்து விழும். வரைபடம் மறைந்தது. வெள்ளைத் திரையில் மேலிருந்து கீழாக வரிகள் இறங்கின. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் எண். பத்து, இருபது, முப்பது என்று பத்துப்பத்தாகக் கூடிக்கொண்டே போனது.

நானும் மச்சினனும் பழம் உரித்துக்கொண்டிருந்தோம். நண்பன் நாற்காலியை டிவிக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டான். ஒரு திரை படிப்பான், ஒரு கட்டையைத் தட்டுவான், அடுத்த திரை வரும்.

"இங்கன வாரும்வே" என்று என்னைக் கூப்பிட்டான். ஒரு வரியின்மேல் விரலை வைத்தான். 'ஹெச்' என்ற எழுத்தின் மதிப்பு ஒன்றுக்குக் கீழே போனால் 'ஹில் ஃபோர்ட் ஃபால்ஸ்' என்று எழுது. அடுத்த வரி, 'என்' என்ற எழுத்தின் மதிப்பு ஒன்றுக்குக் கீழே போனால் 'நார்த் ஃபோர்ட் ஃபால்ஸ்'. அதற்கடுத்து ஆற்றுக்கோட்டை. அதற்கடுத்து தென்கோட்டை.

"எல்லாக் கோட்டையிலயும் அருவி இருக்குமாவே?"

"இருக்கட்டுமே மச்சான், நம்ம ஊர்ல இல்லையா?" என்றான் மச்சினன்.

"கடைசி வரியப் பாரு. தலைநகரத்துலயும் இருக்கு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆங்கிலப் பேப்பர்களில் ஒரு மந்திரிசபை கவிழ்ந்தால் தலைப்பில் இந்தச் சொல்லைத்தான் போடுவார்கள். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மலைக்கோட்டையில் தண்ணீர் விழவில்லை. கோட்டைதான் விழுந்திருந்தது. வெளிர்நீலம் எதிரியின் நிறம். ஒரு வாரமாக நாங்கள் வண்டி வண்டியாகத் தானியம் அனுப்பியது எதிரியின் சிப்பாய்களுக்கு.

நான் சொன்னதைக் கேட்டு மச்சினன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அதாம்லா அவன் அப்படிக் கொழுத்துக் கெடந்திருக்கான்" என்றான். பிறகு அடக்கமுடியாமல் சிரித்தான். கீழே தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் வந்து சத்தம்போடும்வரை சிரித்தான்.

அதன்பிறகு சில நாட்கள் நாங்கள் ஆடியதுதான் உண்மையான ஆட்டம். எதிரியின் வழக்கம் பிடிபட்டது. எங்கே ஆட்கள் மிகக் குறைவோ அங்கேதான் அவன் வருவான். கோபம், பழிவாங்கல், பெருமை எதுவும் அவனிடம் கிடையாது. கோட்டையைப் பிடித்ததும் அங்கே இருக்கும் தானியத்தைத் தின்று வளர்வான். அப்படியானால், தானியமே இல்லாத ஒரு கோட்டையை அவனுக்குக் கொடுத்துவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். மலைக்கோட்டையின் இருப்பு முழுவதையும் முதலில் தலைநகருக்கு ஏற்றிவிடுவது. பெயருக்கு ஓர் ஆளை நிறுத்துவது. எதிரி உள்ளே வந்தபின் சுற்றியுள்ள வழிகளை அடைப்பது.

நண்பனுக்கு அது பிடிக்கவில்லை. "கிடங்கக் காலியா வைக்கச் சொல்லுதீரே. அப்படி எப்படிவே வைக்க முடியும்?"

"அது கோட்டை, கிடங்கு இல்ல."

"சாமான் வைக்க எடம் எதுவோ அது கிடங்குதான்."

கடைசியில் அரை மனதோடு பத்து மூட்டை மட்டும் விட்டுவைத்து மற்றதை ஏற்றினான். எதிரி வந்தான். ஃபால்ஸ் என்று வரி விழுந்தது. இந்த முறை நாங்கள் வண்டி அனுப்பவில்லை. அடுத்த மாதம் எதிரியின் எண்ணிக்கை பாதியாகியது. அதற்கடுத்த மாதம் சண்டையே இல்லாமல் கோட்டை மஞ்சளுக்குத் திரும்பியது. மச்சினன் கட்டிலின்மேல் ஏறி நின்றான். அதே தந்திரத்தை ஆற்றுக்கோட்டையிலும் செய்தோம். எதிரியிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு படை. அதைத் தென்கோட்டைக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது வெளியே காற்று பலமாக அடித்தது. கம்பியில் மரக்கிளை விழுந்திருக்க வேண்டும். கரண்ட் போய்விட்டது.

சாயங்காலம் கரண்ட் வந்தபோது கருவியில் ஒன்றுமில்லை. சுத்தமான வெள்ளைத் திரை.

"மறுபடி போடுங்க மச்சான். வழிதான் தெரிஞ்சிட்டே" என்றான் மச்சினன்.

நண்பன் போட்டான். ஆனால் ஆடவில்லை. ஆட்டம் ஏறியதும் கீழ்வரிசைக் கட்டைகளை அமுக்கி நிறுத்தினான். வரிகளை வரவழைத்துப் படிக்கத் தொடங்கினான்.

"என்ன மச்சான், ஜெயிக்கப் போற நேரத்துல?"

"ஜெயிச்சா என்னடே கெடைக்கும்? எனக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு."

அந்த வாரம் முழுவதும் நானும் மச்சினனும் பார்வையாளர்கள். களஞ்சியத்தில் மாதாமாதம் எலிகள் தின்னும் தானியத்தைக் கழிக்கும் ஒரு வரி இருந்தது. அவன் அதைக் கண்டுபிடித்து, கழித்தல் குறியைக் கூட்டல் குறியாக்கினான். பிறகு ஆட்டத்தை ஓட்டிக் காட்டினான். எலி தின்னத் தின்னத் தானியம் பெருகியது. சிப்பாய்கள் யாரும் ஓடவில்லை. சீக்கிரமே எதிரியின் படை தீர்ந்து வரைபடம் முழுவதும் மஞ்சளானது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று திரையில் வந்தது. அந்த வாசகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

"இது கள்ளாட்டை" என்றான் மச்சினன். அவனுக்கு உண்மையிலேயே கோபம். "எலியப் போயி நெல்லு போட வச்சிருக்கிய."

"ஆட்டம்னா கள்ளாட்டை. வேலன்னா வேல" என்றான் நண்பன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்து அவன் கோட்டைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றினான். வடகோட்டை இருந்த இடத்தில் சிமெண்ட் என்று எழுதினான். மலைக்கோட்டை கம்பியாகியது. சிப்பாய்களை எடுத்துவிட்டான். எதிரியை எடுப்பதுதான் கடினமாக இருந்தது. ஓரிடத்தில் அழித்தால் இன்னோரிடத்தில் ஆட்டம் நின்றுபோகும். இரண்டு நாள் அதிலேயே கழிந்தது. வண்டிகளை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டான். எந்தச் சாமான் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, மிச்சம் என்ன என்று கேட்டால் திரை சொன்னது. இருப்பு குறைந்தால் அடியில் ஒரு வரி வந்தது. அவன் முகத்தில் இருந்த சலிப்பு போயிருந்தது. என்னிடம் ஒரு எண்ணைச் சொல்லச் சொல்லித் தட்டிக் காட்டினான். சரியாக இருந்தது.

செய்ததைக் கேசட்டில் பதிந்து எடுத்துவைக்க வேண்டும். குற்றாலத்துக் கடைகளில் வெற்றுக் கேசட் இல்லை, பாட்டுக் கேசட்டுகள்தான் இருந்தன. அவன் யுத்த கேசட்டையே டேப்ரிக்கார்டரில் போட்டு அதன்மேல் பதிந்துவிட்டான். மச்சினன் மறுநாள் மதியம் ஆடலாம் என்று உட்கார்ந்தபோது சிமெண்ட் மூட்டை எத்தனை என்று திரை கேட்டது.

"என் ராஜ்யத்த அழிச்சிட்டியளே மச்சான்" என்றான்.

"வேற வாங்கி அனுப்புதேன்டே."

கருவியை அங்கேயே விட்டுவிட்டு நண்பன் கிளம்பிப் போனான். திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும். வழியனுப்பப் போன காரில் அவன் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மேனேஜர் நல்ல மனுஷன்தான் என்று மட்டும் இரண்டுமுறை சொன்னான்.

மறு ஆண்டு சீசன் தொடங்கிய சமயம், ஐந்தருவி செய்தியை எழுதிக்கொண்டு லாட்ஜின் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். தோளில் துண்டும் கையில் ஒரு துணிப்பையுமாக நரைத்த மீசைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். செங்கோட்டைக்காரர். நண்பனின் ரூம்காரர். விசா முடித்து ஊரோடு வந்துவிட்டதாகச் சொன்னார். அங்கிருந்து வருகிறவர்கள் மற்றவர்களின் வீட்டுக்குச் சாமான் கொண்டுவருவது வழக்கம். நண்பன் இவரிடம் ஒரு பார்சல் கொடுத்தனுப்பியிருந்தான். அதைக் கொடுத்துவிட்டு அப்படியே அருவியில் குளித்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

மச்சினன் அவருக்கு டீ சொல்லிவிட்டுப் பார்சலைப் பிரித்தான். சென்ட் பாட்டில், பெண்களுக்குத் துணி, அடியில் ஒரு கேசட். உறையில் யானைமேல் ஒரு போர்வீரன்.

"என்ன பாட்டு அது?" என்று அவர் கேட்டார்.

"பாட்டில்ல அண்ணாச்சி, வெளையாட்டு. கம்ப்யூட்டர்ல போடுறது" என்று மச்சினன் சொல்லிவிட்டான். சொன்னபிறகுதான் என்னைப் பார்த்தான்.

"கம்ப்யூட்டரா? இங்கனயா இருக்கு?"

"மாடில இருக்கு."

"யாரோடது?"

மச்சினன் பார்சல் தாளை மடிக்கத் தொடங்கினான். அவர் டீயைக் குடித்தார். அவசரமில்லாமல் குடித்தார்.

"எப்ப வாங்கினான்?" என்று என்னிடம் கேட்டார்.

"போன லீவுக்கு வரும்போது" என்றேன்.

"எதிர்க்கட்டில்லதான் படுத்திருந்தான். என்னட்ட ஒண்ணும் பறயல." கிளாஸைக் கீழே வைத்தார். "மேனேஜரு எங்க ரெண்டு பேரயும் கூப்பிட்டு அது முன்னால நிப்பாட்டுனாரு. அவன் சட்டுன்னு போயி உக்காந்துட்டான். பயமே இல்ல. நான் இவனுக்கு யாரு சொல்லிக்குடுத்தான்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

மச்சினன் ஏதோ சொல்ல வந்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சாரமில்ல, போவட்டும். நான் வாங்கிருந்தா நானும் சொல்லிருக்க மாட்டேன்." துணிப்பையை ஓரமாக வைத்துவிட்டு, "அத நான் பாக்கலாமா?" என்றார்.

மாடிக்குப் போனோம். மச்சினன் புதுக் கேசட்டைப் போட்டான். சத்தம் ஓய்ந்து வரைபடம் வந்தது. இந்த முறை ஆறுகளும் யானைகளும் இருந்தன. மச்சினன் தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினான். அவர் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கட்டைகளைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் ஓர் எண்ணை அமுக்கிவிட்டு, திரையில் அது வந்திருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்தார்.

செய்திக் கவரைப் பஸ்ஸில் கொடுக்க நான் கிளம்ப வேண்டியிருந்தது. நான் படியிறங்கும்போது அவர் முதல் ஆட்டத்தில் தோற்று இரண்டாவதைத் தொடங்கியிருந்தார். அன்று அவர் அருவிக்குப் போகவில்லை என்று மறுநாள் மச்சினன் சொன்னான்.